குருதியின் வழி கண்ட வில்லியம் ஹார்வி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் நாளெல்லாம் நின்று உழைப்போரின் கெண்டைக்காலைக் கண்டவர்கள் அறிவர். தோலுக்கடியில் நீலமாய், மண்புழு சுருண்டாற்போல் ஏதோ புடைத்து நிற்கும். நரம்பு சுருட்டல் என்கிறோம். பெயரிலேயே பிழை! சுருண்டு கிடப்பது நரம்பன்று. குருதியை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. நரம்பு என்று நம்புவதால், அதில் கத்தி பட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று அஞ்சி, புண்ணாகும் வரை வைத்திருப்போர் பலர். பல ஆண்டுகள் தறியில் நின்ற என் தாயாரும் அவ்வாறு அஞ்சியவரே.

அந்தச் சிரையின் வேலை இன்னதென்று உலகிற்கு மெய்ப்பித்தவர் வில்லியம் ஹார்வி. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், ஃபோக்ஸ்டன் என்னும் ஊரில் 1578 ஏப்ரல் 1 அன்று பிறந்தார். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றபின் இத்தாலியிலுள்ள பதுவா நகருக்குச் சென்று 1602-இல் மருத்துவரானார். அங்கே அவருடைய ஆசிரியர் ஃபப்ரீசியஸ், சிரைகளுக்குள் சின்னஞ்சிறு கதவுகள்போல் வால்வுகள் இருப்பதை மாணவர்க்கு அறுத்துக் காட்டிவந்தவர். ஆயினும் அவை குருதியின் வேகத்தைத் தணிப்பதற்கே என்று எண்ணிவிட்டார். கண்டவர் ஆசிரியர், பொருள் உணர்ந்தவர் மாணவர்.

அக்காலத்தில் கேலன் என்ற பழைய கிரேக்க மருத்துவரின் சொல்லே வேதம். உண்ட உணவு கல்லீரலில் குருதியாகிறது, அது உடலெங்கும் பரவி வயலில் பாய்ந்த நீர்போல் வற்றிவிடுகிறது என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ 1400 ஆண்டுகள் யாரும் அதை அசைக்கவில்லை. ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். ஒரு துடிப்பிற்கு இதயம் வெளியேற்றும் குருதி மிகக் குறைவென்றே வைத்துக்கொண்டாலும், அரைமணி நேரத் துடிப்புகளைப் பெருக்கினால் உடலிலுள்ள மொத்தக் குருதியைவிட மிகுதியாக வருகிறது. அவ்வளவையும் உணவிலிருந்து யார் உண்டாக்க முடியும்? ஆகவே போனதே திரும்பி வருகிறது!

அடுத்து அவர் செய்த சோதனையை எங்கள் விடுதி அறையில் நாங்களும் செய்து பார்த்தோம். மேற்கையில் துண்டை இறுக்கிக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். வால்வு இருக்குமிடம் முடிச்சுப்போல் தெரியும். ஒரு விரலால் கீழே அழுத்திக்கொண்டு, மறுவிரலால் குருதியை அடுத்த முடிச்சுக்கு மேலே தள்ளிவிட்டால் இடைப்பகுதி வெறுமையாகவே கிடக்கிறது. மேலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. கீழ்விரலை எடுத்தவுடன் நிரம்புகிறது. கதவு ஒரு பக்கந்தான் திறக்கும். 1628-இல் ஃபிராங்பர்ட் நகரில் வெளிவந்த அவருடைய லத்தீன் நூலில் உள்ள படங்கள் இந்தக் கைச் சோதனையைக் காட்டுபவையே.

அரசர் முதலாம் சார்லசின் மருத்துவராய் இருந்தும் அவர் தப்பவில்லை. நூல் வந்தபின் கிறுக்கர் என்று பேசப்பட்டார்; நோயாளிகள் குறைந்தனர். 1642-இல் உள்நாட்டுப் போரின்போது வீரர்கள் அவர் இருப்பிடத்தைச் சூறையாடியதில் பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சிக் குறிப்புகள் அழிந்தன. விலங்கியல் படிக்கும் எனக்கு நோயாளிகள் போனதைவிட இந்த இழப்பே பெரிதாகப் படுகிறது. தமனியிலிருந்து சிரைக்குக் குருதி செல்லும் நுண்குழாய்களை அவர் கண்ணால் காணவேயில்லை. 1657 ஜூன் 3 அன்று மறைந்தார். நான்காண்டு கழித்து மால்பீகி தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்ணோக்கியால் கண்டார்.

நின்றுகொண்டிருக்கும்போது காலின் குருதி மேலேறுவது எளிதன்று. நடக்கையில் கெண்டைத்தசை பிழிந்து ஏற்றுகிறது. வால்வு அதை இறங்கவிடாமல் தாங்குகிறது. பரம்பரை, பிள்ளைப்பேறு, நெடுநேரம் அசையாது நிற்றல் ஆகியவற்றால் வால்வு தளர்ந்தால் குருதி கீழே தேங்கிச் சிரை வீங்கி நெளிகிறது. பிறகு கணுக்கால் கறுத்துப் புண்ணாகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1891-இல், தொடையில் அச்சிரையைக் கட்டிவிடும் முறையை வெளியிட்டார். இன்று லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். ஆழத்திலுள்ள சிரைகள் அந்தப் பணியை ஏற்றுக்கொள்வதால் கால் கெடுவதில்லை.

சென்ற ஆண்டு அம்மாவை ஒருவாறு இணங்கவைத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். படுக்கவைத்துக் காலை உயர்த்தினார், புடைப்பு வற்றியது. தொடையின் மேற்புறத்தில் விரலால் அழுத்தியபடியே எழுந்து நிற்கச் சொன்னார். கால் வழுவழுப்பாகவே இருந்தது. விரலை எடுத்ததும் மேலிருந்து குருதி இறங்கிச் சிரை நிமிடத்தில் புடைத்தது. டிரெண்டலன்பர்க் சோதனை என்றார். ஹார்வி கையில் செய்ததன் மறுபக்கமல்லவா அது! அங்கே கதவு தாங்கியது, இங்கே தாங்கவில்லை. பிறகு ஸ்கேனும் அதையே சொன்னது. அது நரம்பில்லையா என்று அம்மா இருமுறை கேட்டார். இல்லை என்று மருத்துவர் சொன்னபின், சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு, அழுத்தக் காலுறை மாட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.