மீனும் கறியும் தொடாத பாதிரியார் – தத்துவ போதகர்

நம்ம ராயபுரத்துக்குப் பெயர் வந்ததே மீனவரான புனித இராயப்பரால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காசிமேட்டு மீன் வாசம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை நம்ம பக்கம் ஏது? ஆனால் ஏறக்குறைய 50 வருடம் மீன், கறி, முட்டை எதையும் தொடாமல் தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒரு பாதிரியார் இருந்தார். அவர்தான் இராபர்ட் டி நொபிலி.

பிறப்பும் வருகையும்

1577-ல் இத்தாலியில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். சொத்து சுகத்தை விட்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1605-ல் கோவாவுக்கும், 1606-ல் மதுரைக்கும் வந்தார்.

மதுரையில் ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்தி வந்தார். ஆனாலும் ஊர்க்காரர்கள் யாரும் மதம் மாற வரவில்லை. காரணம் என்ன? மாட்டுக்கறி தின்று, மது குடித்து, தோல் செருப்புப் போடுகிற பரங்கி என்று வெள்ளைக்காரர்களை ஒதுக்கி வைத்தார்கள்.

மாறிய வாழ்க்கை

நொபிலி யோசித்தார். காவி உடுத்தினார். தோல் செருப்பை விட்டுப் பாதக்குறடு போட்டார். குடிசையில் தங்கினார். ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் சோறு, காய்கறி, பால்தான். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் போன்ற நூல்களைத் தமிழ் உரைநடையில் எழுதினார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள்.

ஜீவகாருண்யமா?

இங்கேதான் நாம கொஞ்சம் நின்னு யோசிக்கணும். மறுபிறவி உண்டு, அதனால் உயிரைக் கொல்லக் கூடாது என்று பலர் சைவமாக இருப்பார்கள். நொபிலியோ மறுபிறவியை மறுத்தே புத்தகம் எழுதியவர். கறி தின்பது பாவம் என்று திருச்சபையும் சொல்வதில்லை. தன் சாப்பாடு அடுத்தவர் மனதுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்றுதான் அவர் கறியை விட்டார்.

ஆனால் விவிலியத்தில் ஜீவகாருண்யம் இல்லாமல் இல்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்குக் கடவுள் கொடுத்த உணவு தானியமும் கனியும்தான். நோவாவின் வெள்ளத்துக்குப் பிறகே இறைச்சிக்கு அனுமதி வருகிறது. ஓய்வு நாளில் மாட்டுக்கும் ஓய்வு உண்டு. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது.

எதிர்ப்பு

இவர் இந்துவாகவே மாறிவிட்டார் என்று கூட இருந்தவர்களே புகார் செய்தார்கள். 1619-ல் கோவாவில் விசாரணை நடந்தது. 1623-ல் போப்பாண்டவர் 15-ம் கிரகோரி இவருடைய முறைக்கு அனுமதி தந்தார். கூடவே, உயர்ந்தவர்கள் எளியவர்களை இழிவாக எண்ணக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்தப் புத்திமதிக்குக் காரணம் இருந்தது. மேல்சாதியார் மனம் கோணக் கூடாது என்று நொபிலி மற்றவர்களிடமிருந்து விலகியே வாழ்ந்தார். பரவர்களிடம் வேலை செய்த பெர்னாண்டஸோடு சேர்ந்து சாப்பிடக்கூட இல்லை. எளிய மக்களுக்காகப் பண்டாரச்சாமிகள் என்ற தனிக் குருக்கள் பின்னால்தான் வந்தார்கள். ஒரு உயிரையும் கொல்லாத சாப்பாடு, பக்கத்து மனுஷனைத் தள்ளி வைக்கவும் பயன்பட்டது. இது அவர் வாழ்க்கையின் வருத்தமான பக்கம்.

கடைசிக் காலம்

சிறையும் நோயும் பட்டார். கண்பார்வை மங்கியது. நம்ம சென்னை மயிலாப்பூரில் எளிய குடிசையில் வாழ்ந்து, 16.1.1656 அன்று காலமானார்.

சிந்திப்போமா!

நாக்கைக் கட்டுப்படுத்துவது பெரிய விஷயம். பிற உயிர்மேல் இரக்கப்பட்டு ஒருத்தர் கறியை விட்டால் அது அதைவிடப் பெரிய விஷயம். ஆனால் டிபன் பாக்ஸைத் திறந்ததும் மீன் வாசம் வருதுன்னு ஒருத்தனைத் தள்ளி உட்காரச் சொன்னால், அது இரக்கம் ஆகுமா? வண்டி மாட்டுக்கும், தெரு நாய்க்கும், பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கும் சேர்த்து இரங்குவதுதான் முழுமையான ஜீவகாருண்யம்!