வின்சென்ட் பாக்

வின்சென்ட் பாக் (மார்ச் 24, 1890 – சனவரி 8, 1976) ஆஸ்திரியாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த டிரம்பெட் கலைஞரும் இசைக்கருவி உருவாக்குனரும் ஆவார். பித்தளை ஊதுகருவிகளில் இதழ் பதியும் உறுப்பான ஊதுமுனையை, அதாவது வாசிப்போர் மவுத்பீஸ் என்று அழைப்பதை, ஒரே அளவில் மீண்டும் மீண்டும் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர். டிரம்பெட் முதல் டியூபா, சூசபோன் வரை ஊதுமுனைகள் எண்ணும் எழுத்தும் பொறித்து விற்கப்படும் வழக்கம் பரவியதற்கு இவரது முறை முக்கியக் காரணமாகும்.

இளமை

வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் நகரில் பிறந்த இவரது இயற்பெயர் வின்சென்ஸ் ஷ்ரோட்டன்பாக். பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் மேடைப்பெயராக வைத்துக்கொண்டார். புகழ்பெற்ற இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக்கின் வழித்தோன்றல் என்று சிலர் எண்ணுவது தவறாகும். பொறியியல் படித்துப் பட்டம் பெற்றபின், குடும்பத்தார் எதிர்பார்த்த தொழிலைக் கைவிட்டு டிரம்பெட் வாசிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டார். ஆயினும் படித்த பொறியியல் பின்னாளில் வீண்போகவில்லை.

ஐரோப்பாவில் தனிக் கலைஞராகச் சுற்றி வந்த காலத்தில், 1914 இல் முதல் உலகப் போர் மூண்டபோது, இங்கிலாந்தில் இருந்தார். ஆஸ்திரியர் என்பதால் அங்கு அவர் எதிரி நாட்டவர் ஆனார். லூசித்தானியா கப்பலில் ஏறி அதே ஆண்டில் நியூயார்க்கை அடைந்தார். அப்போது அவரிடம் இருந்தது ஐந்து டாலர் மட்டுமே. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துனர் கார்ல் மூக்குக்குக் கடிதம் எழுதி அக்குழுவில் இடம் பெற்றார். பின்னர் தியாகிலெவின் உருசிய பாலே நியூயார்க்கில் நிகழ்ச்சிகள் நடத்தியபோது அதன் இசைக்குழுவில் முதல் டிரம்பெட் வாசித்தார். போர்க்காலத்தில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றின் இசைக்குழுவையும் நடத்தினார்.

கெட்டுப்போன ஊதுமுனை

சுற்றுப்பயணம் ஒன்றின்போது தம் ஊதுமுனையைச் சற்றுத் திருத்தித் தருமாறு பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தார். அது பயனற்றுப் போய்த் திரும்பியது. இது சிறு இழப்பாகத் தோன்றலாம். ஆனால் பல ஆண்டுகள் ஒரே விளிம்பில் பழகிய இதழுக்கு வேறொரு விளிம்பு எளிதில் ஒத்துவராது. அக்காலத்தில் ஊதுமுனைகள் பெரும்பாலும் கையால் கடையப்பட்டதால் ஒன்றைப் போல மற்றொன்று அமைவதும் அரிது. அதனை இழந்த கலைஞர் தம் தொழிற்கருவியையே இழந்தவர் ஆவார்.

இதன் விளைவாக, தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ளப் பாக் முற்பட்டார். 1918 இல் காலால் மிதித்து இயக்கும் கடைசல் இயந்திரம் ஒன்றை 300 டாலருக்கு வாங்கி, நியூயார்க்கில் செல்மர் இசைக்கருவிக் கடையின் பின்பகுதியில் நிறுவினார். மற்றக் கலைஞர்களும் கேட்டு வாங்கத் தொடங்கவே தொழில் வளர்ந்தது. 1924 இல் முதல் டிரம்பெட்டையும், பின்னர் டிராம்போனையும் உருவாக்கினார். இவரது கருவிகள் ஸ்திராடிவாரியஸ் என்னும் பெயரில் விற்பனையாயின. பட்டறை 1928 இல் பிராங்க்சுக்கும், 1953 இல் மவுண்ட் வெர்னனுக்கும் மாறியது.

எண் முறையும் டியூபாவும்

பாக் முறையில் எண் கிண்ணத்தின் விட்டத்தைக் குறிக்கும். எண் சிறியதானால் கிண்ணம் அகலமானது என்பது புதியவர்களைக் குழப்பும் செய்தியாகும். எழுத்து ஆழத்தைக் குறிக்கும். ஏ மிக ஆழமானது, சி நடுத்தரம். டபிள்யூ என்பது அகலமான, மெத்தென்ற விளிம்பு. ஒவ்வொரு கருவிக்கும் எண் வரிசை தனித்தனி என்பதால், டிரம்பெட்டின் 7 ஆம் எண்ணுக்கும் டியூபாவின் 7 ஆம் எண்ணுக்கும் தொடர்பில்லை.

டியூபாவுக்கும், தோளில் சுற்றி அணிந்து நடந்தபடியே வாசிக்கும் சூசபோனுக்கும் பெரும்பாலும் ஒரே ஊதுமுனைகள் பயன்படுகின்றன. பாக் வரிசையில் 18 ஆம் எண் சுமார் 32.6 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. பள்ளி இசைக்குழுக்களில் மிகுதியாகக் காணப்படும் 24ஏடபிள்யூ சுமார் 31.25 மில்லிமீட்டர். வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவே. எனினும் இதழ் அதனை உடனே உணரும். குறுகிய கிண்ணமும் அகன்ற விளிம்பும் தொடக்க மாணவருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இதழ் அசைய இடம் குறைவதால், மாணவர் வளர்ந்தபின் கீழ்ச்சுரங்கள் நெருக்குண்டு ஒலிக்கலாம். ஆகவே பல ஆசிரியர்கள் அப்போது 18 ஆம் எண்ணுக்கோ ஹெல்லெபெர்க் வகைக்கோ மாற்றுவர். டென்மார்க்கில் பிறந்து சூசாவின் குழுவில் வாசித்த ஆகஸ்ட் ஹெல்லெபெர்க்கின் பெயரால் அமைந்த இவ்வகையின் உட்புறம் புனல் வடிவானது. அதன் ஒலி அகன்றும் கருமையாகவும் இருக்கும். கிண்ண வடிவில் சுரத்தின் தொடக்கம் தெளிவாகக் கேட்கும் என்பதால் திறந்தவெளி அணிவகுப்புக்கு அதனை விரும்புவோர் உண்டு.

அளவு எதுவாயினும் ஊதுமுனையின் காம்பு கருவியின் குழாயில் சரியாகப் பொருந்த வேண்டும். ஐரோப்பியக் கருவிகள் பலவற்றில் இத்துளை சற்றுப் பெரிது. அமெரிக்க அளவுக் காம்பு அதில் அதிகம் உள்ளே சென்றுவிடுவதால் சுருதி பிசகும். பொருந்தாத காம்பினால் வரும் குறையை மாணவரின் குறையாகக் கருதிவிடுவது எளிது.

தமது ஊதுமுனைக் கையேட்டில் பாக், இதழ் தாங்கக்கூடிய அளவுக்குப் பெரிய கிண்ணத்தையே தேர்ந்தெடுக்குமாறு அறிவுறுத்தினார். மேல்சுரம் எளிதாக வேண்டும் என்று சிறியதை நாடுவதையும், பெயர்பெற்ற கலைஞர் வைத்திருப்பதையே வாங்குவதையும் அவர் ஏற்கவில்லை. இதழும் பல்வரிசையும் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதே காரணம். இருப்பினும் இவ்வறிவுரையின் முதற்பகுதி எல்லோருக்கும் பொருந்துவதன்று. டியூபாவில் மிக அகன்ற கிண்ணம் மிகுந்த மூச்சைக் கோரும்; பயிற்சி குறைந்தவர் விரைவில் களைத்துவிடுவார்.

இவரது எண்களைப் பிற நிறுவனங்களும் எடுத்தாண்டன. ஆயினும் ஒரே எண் வெவ்வேறு நிறுவனங்களில் ஒரே அளவைக் குறிப்பதில்லை. பாக் நிறுவனத்தின் வெவ்வேறு காலத்து ஊதுமுனைகளே ஒரே எண்ணில் சற்று மாறுபடுகின்றன என்பது, அவரது நோக்கத்தை நினைக்கையில் வியப்பானது. மவுண்ட் வெர்னன் காலத்தவை சேகரிப்போரிடையே தனி மதிப்புப் பெற்றுள்ளன.

இறுதிக் காலம்

1961 இல், 71 ஆம் அகவையில், தம் நிறுவனத்தைச் செல்மர் நிறுவனத்திற்கு விற்றார். அதன்பின் உற்பத்தி இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகருக்கு மாற்றப்பட்டது. பாக் 1976 சனவரி 8 அன்று காலமானார்.