நண்பனுக்காக எழுதிய இசை

1970-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி. லண்டன் நகரில் லைசியம் தியேட்டர். மூன்று வாலிபர்கள் மேடை ஏறினார்கள். கீத் எமர்சன், கிரெக் லேக், கார்ல் பால்மர் என்பது அவர்கள் பெயர். மின்சார ஆர்கனும் கிதாரும் டிரம்மும் முழங்கின. அந்த 'ராக்' கச்சேரியைச் சினிமாப் படமாகவும் எடுத்தார்கள்.

அவர்கள் வாசித்த இசையை ஆக்கியவர் 89 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். அவர் பெயர் மாடெஸ்ட் முசோர்க்ஸ்கி. அவருடைய கதை இது.

பண்ணையார் மகன்

ருஷியாவில் கரேவோ என்ற கிராமத்தில், 1839-ம் ஆண்டு, ஒரு பண்ணையார் வீட்டில் முசோர்க்ஸ்கி பிறந்தார். தாயார்தான் அவருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். பெரியவனானதும் பட்டாளத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். இசைமீது கொண்ட ஆசையால் 1858-ல் அந்த வேலையை உதறினார்.

1861-ல் ருஷியாவில் பண்ணை அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. பண்ணையார்களின் வருமானம் சுருங்கியது. முசோர்க்ஸ்கி சர்க்கார் ஆபீசில் வேலைக்குப் போனார். பகலில் ஆபீஸ் காகிதம். இரவில் இசை.

நண்பர் மறைந்தார்

விக்டர் ஹார்ட்மன் என்ற ஓவியர் அவருக்கு உயிர் நண்பர். ஒரு நாள் இருவரும் தெருவில் நடந்து போனார்கள். திடீரென்று ஹார்ட்மனுக்கு மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து நின்றார். முசோர்க்ஸ்கி அதைப் பெரிதாக எண்ணவில்லை.

1873-ல் ஹார்ட்மன் இறந்துவிட்டார். வயது 39. அன்றே கவனிக்காமல் போனோமே என்று முசோர்க்ஸ்கி மனம் குமைந்தார்.

படம் பாட்டானது

மறு ஆண்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹார்ட்மனின் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். முசோர்க்ஸ்கி போய்ப் பார்த்தார். ஜூன் மாதத்தில் சுமார் மூன்றே வாரத்தில் பியானோவுக்கு ஓர் இசை எழுதி முடித்தார். அதற்குக் 'கண்காட்சியில் சித்திரங்கள்' என்று பெயர் வைத்தார்.

பழைய கோட்டை, மாட்டு வண்டி, முட்டை ஓட்டுக்குள் இருக்கும் கோழிக்குஞ்சுகள் என்று படத்துக்கு ஒரு பாட்டு. படத்துக்குப் படம் அவர் நடந்து போவதற்கும் ஒரு மெட்டு உண்டு!

கடைசிப் பாட்டு கீவ் நகருக்காக ஹார்ட்மன் வரைந்த பெரிய வாசலைப் பற்றியது. அந்த வாசலை யாரும் கட்டவே இல்லை.

ஆஸ்பத்திரியில் முடிவு

குடிப்பழக்கம் முசோர்க்ஸ்கியை அழித்தது. 1880-ல் வேலை போனது. மறு ஆண்டு ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்தார். ரெபின் என்ற ஓவியர் அங்கேயே அவரைப் படமாகத் தீட்டினார். கலைந்த தலை, சிவந்த மூக்கு, எங்கோ பார்க்கும் கண்கள். அந்த ஓவியம் முடிந்த சில நாளில், மார்ச் 28-ந் தேதி, அவர் உயிர் பிரிந்தது. வயது 42.

அவர் உயிரோடு இருந்தவரை அந்த இசை அச்சேறவில்லை. 1886-ல்தான் வெளிவந்தது. 1922-ல் பிரான்சு நாட்டு ராவெல் அதைப் பெரிய வாத்தியக் குழு வாசிக்கும்படி மாற்றி அமைத்தார். உலகம் முழுவதும் புகழ் பரவியது.

1970 ஆகஸ்டில் வைட் தீவில் ஒரு பெரிய இசை விழா நடந்தது. திரண்டிருந்த மாபெரும் கூட்டத்தின் முன்னே எமர்சன் குழுவினர் அதை ராக் இசையாக வாசித்தார்கள். டிசம்பரில் லண்டனில் வாசித்ததைத்தான் படம் எடுத்தார்கள்.

ஹார்ட்மன் வரைந்த படங்களில் பல இன்று காணாமல் போய்விட்டன. கல்லால் எழும்பாத வாசல் மட்டும் நண்பனின் இசையில் நிற்கிறது.