பட்டறையும் பட்டமும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளிவரும் பருவத்தில், தர்மபுரி ஜில்லாவின் குடியானவர் இல்லங்களில் ஒரு விவாதம் நடைபெறுவது வழக்கம். பையனைக் கலாசாலைக்கு அனுப்பிப் பட்டதாரியாக்குவதா, அல்லது கைத்தொழில் ஒன்றில் பயிற்றுவிப்பதா என்பதே அவ்விவாதம். இப்பொழுது ஆகாய விமானமும் அதில் வந்து சேர்ந்திருக்கிறது. முன்னர் தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவோடு பிரிந்து சென்ற ஓசூருக்கு அருகே, பெலகொண்டப்பள்ளியில் விமான ஓடுபாதையும் விமானங்களைச் செப்பனிடும் கொட்டகைகளும் அமைந்துள்ளன. அதற்கப்பால் பெங்களூரில், 1940-ஆம் ஆண்டில் வால்சந்த் ஹிராசந்தின் முயற்சியாலும் மைசூர் சமஸ்தானத்தின் உதவியாலும் தோன்றிய விமானத் தொழிற்சாலை இருக்கிறது. ஆகவே, விமானப் பராமரிப்புத் தொழில் இந்த ஜில்லா வாலிபர்களுக்குக் கண்ணுக்கெட்டாத கனவன்று. எனினும் தகப்பனார்கள் தயங்குகின்றனர். மகன் கையில் எண்ணெய் படிந்தால் குடும்பத்தின் கௌரவம் குறையுமோ, பட்டமில்லாதவனுக்கு நாளை யார் மதிப்பளிப்பார் என்றெல்லாம் அவர்கள் கவலையுறுகின்றனர். இத்தயக்கம் உடையவர்கள் கோயமுத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவின் சரித்திரத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

துரைசாமி நாயுடு 1893-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ஆம் தேதி, கோயமுத்தூரையடுத்த கலங்கல் கிராமத்தில், கோபால்சாமி நாயுடு என்ற விவசாயியின் புதல்வராகப் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. பாடத்தை உருப்போடுவதும், பிரம்புக்கு அஞ்சி ஒப்பிப்பதும் அவருடைய சுபாவத்திற்கு ஒவ்வாதவை. ஆரம்ப வகுப்புகளோடு அவர் படிப்பு நின்றது. இத்தகைய பிள்ளை உருப்படாதவன் என்பதே நம் நாட்டாரின் வழக்கமான தீர்ப்பு. ஆனால் நின்றது பள்ளிப் படிப்பே. அறிவு வேட்கை அவரை ஒருநாளும் விட்டு அகலவில்லை. வேண்டிய நூல்களைத் தாமே தேடிப் படிக்கும் வழக்கத்தை அவர் பிற்காலத்தில் கைக்கொண்டார். எதையும் பிரித்துப் பார்த்து அதன் உள்ளமைப்பை அறிந்தாலன்றி அவர் மனம் அமைதியடைவதில்லை.

வாலிபப் பருவத்தில் ஒருநாள், ரெவினியூ இலாகாவைச் சேர்ந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்வாகனம் அவரைப் பித்துப் பிடித்தவராக்கிற்று. அதை வாங்குவதற்குப் பணம் வேண்டும், பணத்திற்கு வழியில்லை. நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளை கோயமுத்தூருக்கு வந்து, ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருளைக் கொண்டு அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவுடன் ஏறிச் சவாரி செய்திருந்தால் அவர் மற்றவர்களைப் போன்ற ஒருவராக முடிந்திருப்பார். அவரோ அதை ஆணி வேறு, சக்கரம் வேறாகக் கழற்றினார். ஒவ்வொன்றின் தொழிலையும் கண்டறிந்தார். பின்பு பழையபடி பூட்டி ஓட்டினார். அந்த யந்திரமே அவருக்குப் பள்ளியும் உபாத்தியாயருமாயிற்று.

முதல் முயற்சியிலேயே செல்வம் வந்து குவிந்துவிடவில்லை. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் ஈட்டிய பொருளைப் பம்பாய் வியாபாரத்தில் இழந்து வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது. அப்பால் ஸர் ராபர்ட் ஸ்டேன்ஸின் ஆதரவைப் பெற்று, 1920-ஆம் ஆண்டில் ஒரேயொரு பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கினார். அந்த ஒற்றை பஸ்ஸே நாளடைவில் யூ. எம். எஸ். என்று கொங்கு நாடெங்கும் பெயர்பெற்ற பெரும் ஸ்தாபனமாக வளர்ந்தது. நேரந்தவறாமையும், வண்டிகளை நல்ல நிலையில் வைத்துப் பேணுவதும் அதன் பெருமைகள். பழுதுபட்ட வண்டியை ஓட்டி ஜனங்களின் உயிரோடு விளையாடுவது பாவம் என்ற உணர்வு முதலாளியிடம் இருந்தாலன்றி இவை கைகூடா.

பஸ் முதலாளியாகி ஓய்ந்திருக்க அவர் விரும்பவில்லை. பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடிப் பீளமேட்டில் 1937-ஆம் ஆண்டில் செய்த மின்சார மோட்டார், இந்நாட்டிலே செய்யப்பெற்ற முதல் மோட்டார் என்று போற்றப்படுகிறது. சிறு மோட்டாரால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, மோசடிக்கு இடமளிக்காத வாக்குப் பதிவு யந்திரம் என அவர் சிந்தையில் உதித்தவை பல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். இருவர் அமர்ந்து செல்லும் மோட்டார் காரை 2,000 ரூபாய்க்கு அளிப்பதற்கு 1952-இல் திட்டமிட்டார். சர்க்கார் லைசென்ஸ் அளிக்க மறுத்துவிட்டது. அந்நிய ஆட்சி நீங்கிய பின்பும் சுதேசி முயற்சிக்கு நேர்ந்த இக்கதி வருந்தத்தக்கது.

ஆயினும், நாம் எடுத்துக்கொண்ட விஷயத்திற்கு முக்கியமானது 1945-ஆம் ஆண்டின் சம்பவமே. அவ்வாண்டில் நாயுடுவின் முயற்சியாலும் கொடையாலும் கோயமுத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஓர் எஞ்சினீயரிங் கலாசாலையும் தோன்றின. அவை அப்போதைய சென்னைக் கவர்னர் ஸர் ஆர்தர் ஹோப்பின் பெயரைத் தாங்கியது காலத்தின் கோலம். பள்ளிக்கூடத்தை வெறுத்தோடிய சிறுவர் பாலிடெக்னிக்கின் பிரின்ஸிபாலாக அமர்ந்தார். அமர்ந்தவுடன் சர்க்காரோடு பிணக்கு மூண்டது. நான்கு வருஷப் படிப்பு வாலிபர்களின் காலத்தை வீணாக்குகிறது; பட்டறையில் நிறுத்திப் பயிற்றினால் அவ்வளவையும் இரண்டே வருஷங்களில் கற்பித்துவிடலாம் என்பது அவர் கொள்கை. சர்க்கார் அதற்கு இணங்கவில்லை. கொள்கையை விட்டுப் பதவியைக் காக்க அவர் ஒருப்படவில்லை. ராஜிநாமாச் செய்து வெளியேறினார். அவர் தோற்றுவித்த கலாசாலை, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரோடு இன்றும் கோயமுத்தூரில் நிலைத்திருக்கிறது. அங்கே அளிக்கப்படுவது அவர் விரும்பிய இரண்டாண்டுப் பயிற்சியன்று. நான்கு வருஷப் பட்டப் படிப்பேயாம்.

இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம்? நாமும் பட்டம் பெற்று, சட்டம் படித்துத் தொழில் நடத்துபவர்களே. ஆதலின் பட்டத்தை இகழ்வது நமக்கு அழகன்று. ஆனால் பட்டதாரியான பின்பும் ஒரு திருகாணியைத் திருத்தமாக முடுக்கத் தெரியாதவர்கள் இந்நாட்டில் பலர் என்பதை மறுப்பவர் யார்? எழுதுகோல் பிடிப்பவன் மேலோன், சுத்தியல் பிடிப்பவன் கீழோன் என்ற மனப்பான்மையை ஒழிக்க முற்பட்டார் நாயுடு. அம்மட்டில் அவர் பக்கமே நியாயம் என்போம். குமாஸ்தாக்களை வேண்டிய ஆட்சி நமக்களித்த கல்விமுறையை, அந்த ஆட்சி போன பின்பும் கட்டியழுவது அறிவுடைமையாகாது.

ஆகாய விமானத்தின் கதையும் இதற்குச் சான்று பகர்கிறது. கலங்கல் கிராமத்துச் சிறுவருக்குப் பத்து வயது நடந்த 1903-ஆம் ஆண்டு டிசம்பரில், ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் முதன்முதல் விமானத்தைப் பறக்கவிட்டனர். அவ்விருவரும் கலாசாலையில் பயின்றவர்களல்லர். சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவ்விமானத்தின் எஞ்சினை ஆறு வாரங்களில் தம் கையால் கடைந்து செய்தவர், அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லஸ் டெய்லர் என்ற மெக்கானிக். பறந்தவர்களின் பெயரை உலகம் அறியும். பறப்பதற்கு எஞ்சின் செய்தவரின் பெயரை அறிந்தோர் சிலரே. கைத்தொழிலாளிக்கு உரிய மதிப்பை அளிக்காத குற்றம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

எனினும் ஒரு பேதத்தை மறத்தலாகாது. நாயுடு தம் சொந்த மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கற்றார். தவறு நேர்ந்திருந்தால் நஷ்டம் அவருடையது. நூற்றுக்கணக்கானோர் ஏறிச்செல்லும் விமானத்தை அவ்வாறு சோதனைப் பொருளாக்க எவருக்கும் உரிமையில்லை. அங்கே ஒவ்வோர் ஆணியும் நூலில் விதித்தபடியே முடுக்கப்படவேண்டும். முடுக்கியவர் அதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பமிடும் அதிகாரத்தைச் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரலின் லைசென்ஸே அளிக்கிறது. விமான எஞ்சினீயரிங்கில் பட்டம் பெற்றவருக்கும், பட்டம் ஒன்றினால் மட்டும் அவ்வதிகாரம் வந்துவிடாது. இப்பயிற்சியில் சேருவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். பகுதி பகுதியாக எழுத்துப் பரீட்சைகளில் தேற வேண்டும். கொட்டகையில் நின்று அனுபவம் பெறவேண்டும். யந்திர நூல்கள் ஆங்கிலத்தில் இருத்தலின் அம்மொழியும் தேவை. ஆகவே, படிப்புக்கு அஞ்சி ஓடுபவனுக்கு இது புகலிடமன்று. கையும் நூலும் கணவனும் மனைவியும் போல ஒன்றியிருக்கும் தொழில் இது.

இதை அறியாமல், கவர்ச்சியான விளம்பரத்தை நம்பி நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டுப் பின்னர் கலங்குவதில் பயனில்லை. பள்ளி எதுவாயினும், டைரக்டர் ஜெனரலின் அங்கீகாரம் பெற்றதா, எந்தப் பிரிவுக்குப் பெற்றது, அனுபவப் பயிற்சிக்கு எங்கே இடமளிப்பார்கள் என்பவற்றை முதலில் விசாரித்தறிய வேண்டும். படிப்பு முடிந்த மறுதினமே உத்தியோகம் கையில் வந்து விழாது என்பதையும் பையன் உணர்ந்திருத்தல் வேண்டும். மூன்றாண்டுகள் பரிமாறிப் பொருள் சேர்த்த நாயுடுவின் பொறுமை அவனுக்கு வேண்டும். யந்திரத்தைக் கண்டால் கை துடிப்பவனை, கௌரவத்தின் பெயரால் பிடிக்காத பட்டப் படிப்பில் அடைப்பதும் பிழை. ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவனை, விரைவில் சம்பாதிக்க வேண்டும் என்று பட்டறைக்குத் துரத்துவதும் பிழையே.

நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். 1967-ஆம் ஆண்டில் அவர் ஏற்படுத்திய தொழிற் பொருட்காட்சி அவர் பெயரை இன்றும் விளக்கி நிற்கிறது. அங்கே சென்று வியந்து திரும்புவதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஜில்லாவில் பொதுத் தொண்டாற்றும் அன்பர்கள் கிராமந்தோறும் தகப்பனார்களைச் சந்தித்து, பையனின் மார்க்குகளைக் கேட்பதற்கு முன்னால் அவன் கைகள் எதை நாடுகின்றன என்று கேட்கும்படி சொல்வார்களாக. உருப்படாதவன் என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் இன்னொரு துரைசாமி இருக்கக்கூடும். அவனைக் கண்டெடுத்து அவனுக்குரிய வழியில் செலுத்துவது தேசத் தொண்டேயாகும்.