தண்ணீரில் தக்காளி வளர்த்த கெரிக்

தொடர்மாடிகளில் வாழும் எம்மில் பலருக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. இருந்தும் சமையலறை யன்னலோரத்தில், தண்ணீர்த் தொட்டியில், கீரையும் கொத்தமல்லியும் வளர்க்கிறோம். கடையில் வாங்கும் அந்தத் தொட்டியின் பெட்டியில் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை உலகறியச் செய்தவர் வில்லியம் ஃபிரெடரிக் கெரிக். அவருடைய கதை எமக்கும் பயன்படக்கூடியது.

1882 இல் பிறந்த கெரிக், அமெரிக்காவில் பேர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தாவர ஊட்டம் பற்றி ஆராய்ந்தவர். தண்ணீரில் செடி வளர்ப்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1860களிலேயே ஜேர்மனியில் யூலியுஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நொப் ஆகியோர் உப்புகள் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டியிருந்தனர். தாவரத்துக்குத் தேவை மண்ணிலுள்ள கனிமங்களே, மண் அல்ல என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. ஆனால் அந்த அறிவு ஆய்வுகூடப் போத்தல்களோடு நின்றிருந்தது. அதைக் கொண்டு உணவுப் பயிரே விளைவிக்கலாம் என்று நம்பி இறங்கியவர் கெரிக். 1929 இல் தனது எண்ணத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அவரது முறை எளிமையானது. ஆழம் குறைந்த தொட்டியில் ஊட்டக் கரைசல். அதன் மேல் கம்பிவலை. வலையின் மேல் வைக்கோல், மரச்சீவல் போன்றவை. செடி மேலே நிற்க, வேர்கள் கரைசலுக்குள் இறங்கும். நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம், கந்தகம், இரும்பு எல்லாம் நீரிலேயே கிடைத்துவிடும். அவருடைய தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் வளர்ந்தன. பழம் பறிக்க ஏணி வேண்டியிருந்தது!

பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. அந்த முறைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது, சக தாவரவியலாளர் செட்செல் கிரேக்க மொழியில் நீரையும் உழைப்பையும் குறிக்கும் சொற்களை இணைத்துத் தந்தார். 1937 இல் கெரிக் அதை அச்சில் பயன்படுத்தினார்.

பெயர் வந்த வேளையிலேயே பிணக்கும் வந்தது. பல்கலைக்கழகம் அவரிடம் கரைசலின் விபரங்களைக் கேட்டது. வீட்டில், சொந்த நேரத்தில் உழைத்துக் கண்டவை என்று சொல்லி அவர் கொடுக்க மறுத்தார். இறுதியில் பல்கலைக்கழகத்தை விட்டே விலகினார். 1940 இல் தனது முறையை முழு நூலாக எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் அவரது கூற்றுகளைச் சோதித்துப் பார்த்தவர்கள் அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும். நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிடத் தண்ணீரில் பெரிதாக எதுவும் கூடாது என்று 1938 இல் அவர்கள் எழுதினர். வெளிச்சமும் காற்றும் ஊட்டமும் சமமாக இருந்தால் செடிக்கு இரண்டும் ஒன்றுதான். ஹோக்லண்டின் பெயரிலுள்ள ஊட்டக் கரைசல் இன்றும் ஆய்வுகூடங்களில் பயன்படுகிறது.

அப்படியானால் கெரிக் தோற்றாரா? நாம் அப்படி நினைக்கவில்லை. நல்ல மண் உள்ள இடத்தில் அவரது முறைக்குத் தனிச்சிறப்பு இல்லாமல் இருக்கலாம். மண்ணே இல்லாத இடத்தில் அதன் பெறுமதி வேறு. பசுபிக் பெருங்கடலின் நடுவே, வேக் தீவில், விமானப் பயணிகளுக்கான மரக்கறிகள் 1930களின் இறுதியிலேயே இந்த முறையில் விளைந்தன.

1970 இல் கெரிக் காலமானார். எமது யன்னலோரத் தொட்டிக்கு அவருடைய நம்பிக்கையும் வேண்டும், ஹோக்லண்டின் அளவுகோலும் வேண்டும். விளம்பரங்கள் சொல்லும் அதிசய விளைச்சலை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். செடிக்குப் போதிய வெளிச்சம் கொடுப்போம், வேருக்குக் காற்றுப் படச் செய்வோம், கரைசலை அளந்து ஊற்றி நாள் தவறாமல் கவனிப்போம். மண் இல்லை என்பதற்காக வளர்க்கும் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை.