நூலுக்கு வலிமை தந்த நெசவாளர்

தையல் வகுப்பில் வாரந்தோறும் நூற்கண்டைக் கையில் எடுக்கிறோம். ஊசியில் கோக்கிறோம், தைக்கிறோம், மிச்சத்தைச் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம். அந்தக் கண்டின் மேல் ஒட்டியுள்ள சிறு சீட்டை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? பளபளப்பான பருத்தி நூற்கண்டுகள் பலவற்றில் மெர்சரைஸ்டு என்னும் சொல் அச்சிடப்பட்டிருக்கும். அது ஒரு சாயத்தின் பெயரும் அன்று, ஆலையின் பெயரும் அன்று. ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. முறையான பள்ளிப் படிப்பு வாய்க்காமல், ஒன்பது வயதிலேயே உழைக்கப் போன ஓர் ஏழைச் சிறுவன், பிற்காலத்தில் உலகம் முழுவதும் உள்ள தையற்பெட்டிகளில் தன் பெயரைப் பதித்த வரலாறு இது.

இளமையும் வறுமையும்

ஜான் மெர்சர் 1791-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் லங்காஷயர் பகுதியில், பிளாக்பர்ன் நகருக்கு அருகிலுள்ள கிரேட் ஹார்வுட் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் அப்பகுதி முழுவதும் பருத்தியை நம்பியே வாழ்ந்தது. வீட்டுக்கு வீடு தறியின் ஓசை கேட்கும். சிறு வயதிலேயே ஜான் தந்தையை இழந்தார். ஒன்பதாம் வயதில் தார் சுற்றும் வேலைக்குப் போனார். நம் நாட்டு நெசவாளர் வீடுகளில் குழந்தைகள் ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே வேலைதான். பின்னர் தாமே தறியில் அமர்ந்து கைத்தறி நெசவாளர் ஆனார்.

பள்ளிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. ஆயினும் அருகிலிருந்த துணி அச்சுச் சாலையில் பணியாற்றிய பூவேலை வரைவாளர் ஒருவர், அச்சிறுவனின் ஆர்வத்தைக் கண்டு, எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்தார். ஒரு நல்ல மனிதர் தம் ஓய்வு நேரத்தில் செய்த இந்த உதவி எவ்வளவு பெரிய பயனைத் தந்தது என்பதைப் பின்னால் காண்போம்.

ஒரு குழந்தையின் சட்டை

1807-ஆம் ஆண்டு. ஜானுக்குப் பதினாறு வயது. அவருடைய தாயார் மறுமணம் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் வீட்டிற்கு வந்தபோது, தாயின் மடியிலிருந்த குழந்தை அணிந்திருந்த செம்மஞ்சள் நிறச் சட்டை அவர் கண்ணில் பட்டது. அந்த நிறத்தின் அழகு அவரை விடவில்லை. இதை எப்படிச் செய்கிறார்கள் என்ற கேள்வி அன்றே அவர் உள்ளத்தில் வேர் விட்டது.

சாயத் தொழில் தெரிந்தவர்கள் அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காத காலம் அது. ஜான் பிளாக்பர்னுக்கு நடந்து சென்று, மருந்துக் கடையில் சாயமிடப் பயன்படும் பொருள்களின் பெயர்களைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றிலும் சிறிதளவு வாங்கி வந்தார். கலந்தார், காய்ச்சினார், தோற்றார், மீண்டும் செய்தார். சில காலத்தில் ஊராரின் நூலுக்கும் துணிக்கும் சாயமேற்றித் தரும் அளவுக்குத் தேறிவிட்டார்.

1809-இல் ஓக்கன்ஷா என்னும் இடத்திலிருந்த துணி அச்சுச் சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அந்த வாய்ப்பும் நிலைக்கவில்லை. பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் ஆங்கிலேயப் பொருள்கள் ஐரோப்பாவுக்குள் வராதபடி தடை விதித்திருந்தார். வாணிகம் முடங்கியது, பத்து மாதங்களில் ஜானின் பழகுநர் ஒப்பந்தமும் முடிந்தது. அவர் மீண்டும் தறிக்கே திரும்பினார்.

இவ்விடத்தில் ஒரு வியப்பான செய்தியைக் குறிப்பிட வேண்டும். ஜானின் வேலையைப் பறித்த அதே தடைதான் பருத்தித் தையல் நூல் பரவவும் காரணமாயிற்று. ஸ்காட்லாந்தின் பேஸ்லி நகர நெசவாளர்களுக்குப் பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுதுகளுக்குப் பட்டு நூல் தேவைப்பட்டது. தடையினால் பட்டு வரவில்லை. 1806-இல் கிளார்க் குடும்பத்தார் பருத்தி இழைகளை ஒன்றோடொன்று முறுக்கி, பட்டுக்கு ஈடான வழவழப்பான நூலைச் செய்தார்கள். அந்த நூல் தைக்கவும் ஏற்றதாக இருந்தது. 1812-இல் அவர்கள் தையல் நூலுக்கென்றே ஆலை கண்டார்கள். பின்னர் அதே நகரில் கோட்ஸ் குடும்பத்தாரும் இத்தொழிலில் இறங்கினர். நம் தென்பாண்டி நாட்டிலே, 1885-இல் பாபநாசம் அருவி நீரின் ஆற்றலைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலைத் தொழில், 1974-இல் இதே கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. பேஸ்லியின் நூலுக்கும் பொருநைக் கரைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆசான்

1814-இல் மேரி என்னும் நங்கையை ஜான் மணந்தார். திருமண உரிமப் பத்திரம் பெறுவதற்காகப் பிளாக்பர்ன் சென்றபோது, பழைய புத்தகக் கடை ஒன்றில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் எழுதிய வேதியியல் கைந்நூல் அவர் கண்ணில் பட்டது. உடனே வாங்கினார். அதுவரை கையால் மட்டுமே அறிந்திருந்த பொருள்களின் இயல்பை இப்போது அறிவாலும் அறியத் தொடங்கினார். சிறு வயதில் அந்த வரைவாளர் எழுத்தறிவித்திராவிட்டால், அந்தப் புத்தகம் அவருக்கு வெறும் தாள்கட்டாகத்தானே இருந்திருக்கும்!

1817-இல் ஆன்டிமனி என்னும் உலோகத்தின் சேர்மத்திலிருந்து, பருத்தித் துணியில் அச்சிடத்தக்க செம்மஞ்சள் நிறத்தை உருவாக்கினார். பத்து ஆண்டுகளுக்கு முன் குழந்தையின் சட்டையில் கண்ட நிறம் அவர் கைக்கே வசமாகிவிட்டது. 1818-இல், முன்பு வேலை இழந்த அதே ஓக்கன்ஷா அச்சுச் சாலை அவரை வேதியியலாளராக அழைத்துக்கொண்டது. 1825-இல் அதன் பங்குதாரர்களில் ஒருவரானார்.

வடிகட்டியில் கிடைத்த புதையல்

1844-இல் ஒருநாள் காஸ்டிக் சோடாக் கரைசலைத் தூய்மைப்படுத்துவதற்காக, பருத்தித் துணியைப் பல மடிப்புகளாக மடித்து அதன் வழியே வடிகட்டினார். வடிந்த நீர்மத்தைப் பார்த்துவிட்டுத் துணியைத் தூக்கி எறிந்திருக்கலாம். மெர்சர் துணியையும் பார்த்தார். அது நீளத்திலும் அகலத்திலும் சுருங்கி, தடித்து, ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மை பெற்றிருந்தது. வடிந்த கரைசலோ முன்னைவிட வலிமை குன்றியிருந்தது. அப்படியானால் துணி கரைசலிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உணர்ந்தார்.

சாலைப் பணிகளுக்கிடையில் இதை முழுமையாக ஆராய நேரமில்லை. 1848-இல் கூட்டு வாணிகம் கலைந்த பின்னரே ஓய்வு கிடைத்தது. அவர் கண்ட உண்மை இதுதான்: பருத்தி இழை இயல்பில் தட்டையாக, முறுக்கிய நாடாவைப் போல இருக்கிறது. கடுமையான காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பின் நன்றாக அலசினால், அது உப்பி உருண்டு திரள்கிறது. முன்னைவிட வலிமை பெறுகிறது. சாயத்தையும் நன்றாக ஏற்கிறது. 1850-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் லண்டன் மாநகரில் நடந்த உலகப் பெருங்கண்காட்சியில் அத்துணிகள் வைக்கப்பட்டன. 1852-இல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்தியது. தார் சுற்றிய சிறுவன் நாட்டின் தலைசிறந்த அறிஞர்கள் வரிசையில் அமர்ந்தார்!

ஆனால் ஆலைக்காரர்கள் இம்முறையை விரும்பி ஏற்கவில்லை. காஸ்டிக் சோடாவின் விலை அப்போது அதிகம். துணியோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கிவிடும். வலிமைக்காக இவ்வளவு துணியை யார் இழப்பார்கள்? மெர்சர் மனம் சோரவில்லை. மெதடிஸ்டு சபையைச் சேர்ந்த இறைப்பற்று மிக்க அவர், தம் ஆய்வுகளைத் தொடர்ந்தார். 1866-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் காலமானார். அவர் கண்டுபிடிப்புகளிலேயே மிகப் பெரியது, அன்று ஏறக்குறையப் பயனற்றதாகவே கருதப்பட்டது.

அவர் காணாத பளபளப்பு

ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்தது. 1889, 1890-ஆம் ஆண்டுகளில் ஹொரேஸ் லோ என்னும் ஆங்கில வேதியியலாளர் அதே முறையில் ஒரு சிறு மாற்றம் செய்தார். காஸ்டிக் சோடாவில் இருக்கும்போது நூலைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தார். சுருக்கம் நின்றது. அது மட்டுமன்று, பருத்தி நூலில் பட்டின் பளபளப்பு தோன்றியது! அதன் பின்னரே உலகம் மெர்சரை நினைத்தது. அந்த முறைக்கே அவர் பெயர் நிலைத்தது.

எந்த நூல் எதற்கு?

தையல் நூலுக்கு ஏன் இவ்வளவு வலிமை வேண்டும்? தையல் எந்திரத்தில் நூல் ஒரே முறையில் துணிக்குள் அமர்ந்துவிடுவதில்லை. ஒரே பகுதி ஊசிக்கண் வழியாகவும் துணி வழியாகவும் பல முறை ஏறி இறங்கிய பிறகே தையலாகிறது. உராய்வையும் திடீர் இழுப்பையும் அது தாங்க வேண்டும். ஆகவே நல்ல நூல் எங்கும் ஒரே பருமனாக, முடிச்சும் பிசிறும் இன்றி இருத்தல் வேண்டும். முறுக்கு சரியாக இருத்தல் வேண்டும். முறுக்கு குறைந்தால் புரி பிரியும், மிகுந்தால் நூல் சுருண்டு சிக்கிக்கொள்ளும். சாயம் போகக் கூடாது. துவைத்தபின் சுருங்கக் கூடாது. சுருங்கினால் தையல் நெடுகத் துணி சுருக்கம் விழும்.

மெர்சர் முறைக்கு உட்படாத சாதாரணப் பருத்தி நூல் மலிவானது. இணைப்புத் தையலுக்கும், தற்காலிகமாக ஓட்டும் தையலுக்கும் போதும். மெர்சரைஸ்டு நூல் வலிமையும் ஒளியும் உடையது. பருத்தி ஆடைகளுக்கும் பூத்தையலுக்கும் ஏற்றது. நம் ஆலயப் பீடத் துகில்களில் மின்னும் வெள்ளைப் பூவேலையை நினைத்துப் பாருங்கள். பசையும் மெழுகும் பூசி மெருகேற்றிய நூல் விறைப்பானது. காலணி, தோற்பை போன்ற கடினமான தையலுக்கு உதவும். பாலியஸ்டர் நூல் இவற்றினும் வலியது, எளிதில் சுருங்காது. ஆனால் மிகுந்த சூட்டில் உருகும். இந்தப் பாலியஸ்டர் இழையை வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் 1941-இல் உருவாக்கிய அக்ரிங்டன் நகரம், மெர்சர் வாழ்ந்த ஊருக்குச் சில மைல் தொலைவில்தான் இருக்கிறது. பாலியஸ்டர் இழையை நடுவில் வைத்து மேலே பருத்தியைச் சுற்றிய நூலும் உண்டு. உள்ளே வலிமை, வெளியே சூடு தாங்கும் தன்மை. சீட்டிலுள்ள எண்ணையும் கவனிக்க வேண்டும். ஒரே வகை நூலில் எண் பெரிதாகப் பெரிதாக நூல் மெலிதாகும்.

மாணவியரே! மெர்சருக்குப் பள்ளியில்லை, ஆசிரியரில்லை, சோதனைக்கூடமில்லை. இருந்தவை பார்க்கும் கண்ணும், விடாமுயற்சியும், யாரோ கற்றுக்கொடுத்த எழுத்தறிவும் மட்டுமே. தம் உழைப்பின் முழு ஒளியை அவர் காணவும் இல்லை. ஆயினும் அது வீணாகவில்லை. வேறொருவர் கையில் நிறைவு பெற்றது. நம் பெற்றோரும் ஆசிரியர்களும் இன்று நமக்காகச் செய்பவையும் இத்தகையவை அல்லவா? நாம் பெற்ற அறிவைப் பெறாத ஒரு சிறுவனோ சிறுமியோ நம் தெருவில் இருந்தால், மாலையில் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுப்போம். எந்தப் பிள்ளையின் கையில் எந்த நூல் வலுப்பெறும் என்பதை இறைவன் ஒருவரே அறிவார்.