தாருக்கு அடியில் ஒரு மனிதர்

சிவில் படிக்கிற நண்பர்களுக்கு டபிள்யூ.பி.எம். தெரியும். விரித்தால் வாட்டர் பவுண்ட் மெக்காடம். அந்தக் கடைசிச் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் பலர் யோசித்ததே இல்லை.

ஜான் லௌடன் மெக்காடம் 1756-இல் ஸ்காட்லாந்தின் அயர் நகரில் பிறந்தார். 1770-இல் தந்தை இறக்கவே, நியூயார்க்கில் வணிகம் செய்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். அங்கே நன்றாகச் சம்பாதித்தார். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கில அரசின் பக்கம் நின்றதால் சொத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. 1783-இல் ஊர் திரும்பினார்.

அவர் கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தவர் அல்ல. ஊர்ச் சாலைகளைக் கவனிக்கும் பொறுப்பு வந்தது; அதையே ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். சொந்தப் பணத்தைச் செலவழித்து, நாடு முழுக்கச் சுற்றி, ரோடு ஏன் கெட்டுப்போகிறது என்று பார்த்தார். அப்போது டெல்ஃபோர்டு போன்றவர்கள் அடியில் பெரிய கற்களை அடுக்கி அஸ்திவாரம் போட்டார்கள். செலவு அதிகம். மெக்காடம் கேட்டது ஒரே கேள்விதான்: வண்டியின் பாரத்தைக் கடைசியில் சுமப்பது யார்? கல்லா? இல்லை, அடிமண்தான். மண் காய்ந்திருந்தால் தாங்கும், நனைந்தால் உள்வாங்கும். அவ்வளவுதான் அவர் கண்டுபிடிப்பு!

எனவே ரோட்டைச் சுற்றுத் தரையைவிட உயர்த்தினார். இருபுறமும் வடிகால் வெட்டினார். 30 அடி அகலத்துக்கு நடுவில் 3 அங்குலம் மேடு வைத்தார். 6 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேற்படாத உடைகல்லை 10 அங்குலக் கனத்துக்குப் பரப்பினார். ஜல்லியோடு மண் கலக்கவே கூடாது என்றார். மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அல்லவா?

1816-இல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1827-இல் லண்டன் வட்டாரச் சாலைகளின் தலைமைப் பொறுப்பும் கிடைத்தது. சர் பட்டம் தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1834-இல் அது மகனுக்குப் போயிற்று. 1836-இல் காலமானார். அவர் தார் ஊற்றியவரே அல்ல. டார்மாக் முறைக்கு ஹூலி என்பவர் காப்புரிமை பெற்றது 1902-இல்தான்.

இந்தக் கதை நமக்கு எதற்கு? எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் வந்து பாருங்கள். கடலும் கழிவெளியும் பக்கத்திலேயே. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கண்டெய்னர் டிரெய்லர் திரும்பும் கம்பெனி வாசல்களில் தார் ஒரு தட்டு மாதிரி குழிந்து கிடக்கும். மேலே இன்னும் கொஞ்சம் தார் ஜல்லியைக் கொட்டி மூடுவார்கள். அடுத்த ஐப்பசி மழையில் அதே இடம் திரும்ப இறங்கும். தண்ணீர் நிற்கிற அந்தப் பள்ளத்தில், நைட் ஷிப்ட் முடிந்து டூவீலரில் வருகிற தொழிலாளி விழுகிறார்.

குழிந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். குழாய் கசிகிறதா, முன்பு வெட்டிய பள்ளத்தைச் சரியாக இடிக்காமல் மூடினார்களா என்று பார்க்க வேண்டும். ஈரமண்ணை அள்ளிவிட்டு, கிராவலும் ஜல்லியும் சிறுசிறு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் திமிசு போட வேண்டும். பிறகுதான் தார்க் கலவை, ஓரங்களில் தார்ப் பூச்சு, தண்ணீர் ஓட வாட்டம். டிரெய்லர் பாரத்துக்கு மெக்காடத்தின் 10 அங்குலம் போதாது, சி.பி.ஆர். பார்த்துக் கனம் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவர் கேட்ட கேள்வி மாறவில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் சைட் சூப்பர்வைசராகப் போவோம். மேலே பூசினால் போதும் என்று காண்ட்ராக்டர் சொல்லும்போது, அடியில் தோண்டிப் பார்க்கலாம் சார் என்று சொல்கிற தைரியம் நமக்கு வேண்டும்!